நீங்கதானா அண்ணாச்சி?

போனை எடுத்தால் வணக்கம் கிடையாது, நல்லா இருக்கீங்களா கிடையாது. "நீங்கதானா அண்ணாச்சி?" என்றுதான் அந்தம்மா ஆரம்பிப்பார். என் நம்பருக்கே கூப்பிட்டு, என் குரலையும் கேட்டுவிட்டு, நீங்கதானா என்றால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் அச்சகம் வைத்திருக்கிறேன். பத்திரிகை, போஸ்டர் எல்லாம் அடித்தாலும் சோறு போடுவது சேலைக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் அட்டைப்பெட்டியும் லேபிளும்தான். அந்தம்மா ஊரிலேயே பெரிய சேலைக் கம்பெனி ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. நூல்காரர், சாயக்காரர், பெட்டிக்காரனான நான், லாரிக்காரர் என்று அந்தக் கம்பெனிக்குச் சரக்கு கொடுப்பவர்கள் எல்லோரும் பில்லையும் டிசைனையும் மெயிலில்தான் அனுப்புவோம். மெயில் வந்ததும் அந்தம்மா அதைத் திறக்க மாட்டார். முதலில் அனுப்பியவருக்குப் போன். நான்தான் அனுப்பினேன் என்று சொன்னால் போதாது, ஒரு கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால்தான் மெயில் திறக்கும்.

முதல் தடவை எனக்கு இது தெரியாது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, கையெல்லாம் மை.

"உங்க பேர்ல ஒரு பில் வந்திருக்கு அண்ணாச்சி. நீங்க அனுப்பினதா?"

"ஆமாம்மா."

"அப்ப ஒண்ணு சொல்லுங்க. போன தடவ எங்க ஆபீசுக்கு வந்தீங்கல்லா, குடிக்க என்ன குடுத்தோம்?"

"ஏம்மா, இங்கன வேல தல மேல கிடக்கு. விளையாடுதீங்களா?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"காப்பி. சீனி போட மறந்த காப்பி. போதுமா?"

"சரி, திறக்கேன்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். மறுநாளே கம்பெனிக்குப் போய் நின்றேன். "என்னத் திருடன்னு நெனச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்தம்மா பதறவில்லை, எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க திருடன் இல்ல அண்ணாச்சி. உங்க பேரச் சொல்லிக்கிட்டு வாரவன் திருடனா இருக்கலாம்லா? எங்க கம்பெனிக்குப் பூட்டு இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு. நேரா வந்தா மாட்டிக்கிடுவான். அதனால அவன் நேரா வர மாட்டான். உங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்து, உங்க பில் மாதிரியே ஒண்ணு செஞ்சு, உங்க மெயில்லயே அனுப்புவான். நம்ம அண்ணாச்சிதானேன்னு நாங்க திறப்போம். திறந்தா எல்லாம் போச்சு."

"எங்கிட்ட வந்து அவன் எதப் பிடுங்கப் போறான்? என் கம்ப்யூட்டர்ல கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான் கிடக்கு."

அந்தம்மா சிரித்தார். "அவனுக்கு உங்க போஸ்டர் வேண்டாம். எங்க வீட்டுக்குள்ள வார வழி வேணும். அந்த வழி நீங்கதான்."

கோபப்படப் போனவன் காப்பி குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சீனி சரியாக இருந்தது.

அந்த ஆபீஸில் அவருக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒருமுறை லேபிள் டிசைனைப் பென்டிரைவில் கொண்டு போனேன். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"செருப்ப எங்க விட்டீங்க?"

"வெளியதாம்மா."

"இதையும் அங்கனயே விட்டுட்டு வாங்க."

உள்ளே இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. வாசலை ஒட்டி ஒரு பழைய கம்ப்யூட்டர் தனியாகக் கிடக்கும். உள்ளே இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. வெளியாள் அனுப்பிய எதையும் அதில்தான் முதலில் திறந்து பார்ப்பார். பாழாய்ப் போனால் அது ஒன்றோடு போகட்டும் என்பார். அவருக்கு மேஜையும் அதன் பக்கத்தில்தான். மற்றவர்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஏசியில் இருப்பார்கள். மத்தியானம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து கூட்டும் பொரியலும் மாற்றிக்கொண்டு சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தம்மா வாசல் பக்கம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவரும் போக மாட்டார்.

கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கேட்டதை மறு தடவை கேட்க மாட்டார். உங்கள் மெஷின் மேல் ஒரு பூனை படுத்துக் கிடக்குமே, அது என்ன நிறம்? போன மழையில் குடையை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்? உங்கள் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் செய்தது எந்தக் கண்ணில்? இப்படித்தான் இருக்கும். இதற்கெல்லாம் விஷயம் வேண்டாமா? அதற்காகவே ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பேச வைப்பார். நானும் ஓட்டை வாய்க்காரன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருவேன். எனக்கு இடுப்பு வலி வந்த சங்கதி என் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்னால் அந்தம்மாவுக்குத் தெரியும்.

நாளாக நாளாக ஒன்றைக் கவனித்தேன். பதில் சரி என்று தெரிந்த பிறகும் போனை உடனே வைப்பதில்லை. "இப்ப வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்பார். "டாக்டர் என்ன சொன்னாரு? குனிஞ்சு தூக்காதீங்க." சாயக்காரரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்கிட்டயும் அப்படித்தான் பேசும். எங்கிட்ட மட்டும்தான்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறார், தனியாகத்தான் இருக்கிறார் என்பது வரைக்கும் ஊருக்குத் தெரியும். சொந்த ஊர் எது, கல்யாணம் ஆனதா, கூடப் பிறந்தவர்கள் உண்டா, ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "என் கதை எதுக்கு அண்ணாச்சி, உங்க கதையச் சொல்லுங்க" என்று திருப்பிவிடுவார். நானும் என் கதையைச் சொல்லப் போய்விடுவேன். எங்களோடு போனில் பேசுவது அவருக்கு உத்தியோகம். அன்றைய பொழுதுக்கு அவர் மனிதரோடு பேசும் பேச்சும் அதுதான் என்று எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது.

இனி சாப்ட்வேர் தம்பி கதை. எங்கள் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் பில் போடும் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தது ஒரே ஆள். தங்கமான பையன். ரிப்பேர் என்று போன் போட்டால் வீட்டில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்துவிடுவான். அதற்கென்று எல்லாக் கடையிலும் ஒரு வழி வைத்திருந்தான். அந்த வழிக்கு எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு, எங்கள் அம்பாள் பேரும் ஒன்று இரண்டு மூன்றும். "அம்பாள் பேர்ல இருந்தா ராசி அண்ணாச்சி" என்பான். நாங்களும் பூரித்துப் போவோம். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டு அந்தப் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக் கும்பிட்ட கடைக்காரர்கள் உண்டு. டீக்கடைக்காரருக்குக்கூட அது மனப்பாடம்.

அந்தம்மாவிடம் மட்டும் அது நடக்கவில்லை. தம்பி வந்தால் வேலை முடியும் வரை அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார். முடிந்ததும் அவன் வரும் வழியை அடைத்துவிடுவார். மறுபடி தேவைப்பட்டால் அப்போதைக்குத் திறந்துவிடுவார்.

"என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்ட ஆளுல்லாக்கா நீங்க? என்னயே நம்ப மாட்டீங்களா?" என்று அவன் ஒருநாள் மனத்தாங்கலாகக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றார் அந்தம்மா.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வரத் தொடங்கிய நேரம். ஊருக்கே அதுதான் வியாபாரக் காலம். காலையில் அச்சகத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் திரை கறுப்பாகிக் கிடக்கிறது. நடுவில் இங்கிலீஷில் நாலு வரி, பணம் அனுப்பினால்தான் திறப்போம் என்று. வருஷக்கணக்காகச் சேர்த்த டிசைன் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டது. தம்பிக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. எதிர்த்த ஜவுளிக்கடைக்கு ஓடினேன், அங்கேயும் கறுப்பு. பாத்திரக்கடை, மருந்துக்கடை, எங்கே பார்த்தாலும் அதே நாலு வரி. எவனோ தம்பியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டு தம்பி சாப்ட்வேர் போட்ட கடை ஒன்று விடாமல் நுழைந்திருக்கிறான். கூட்டம் வந்து நிற்க, ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டில் வந்து நின்றேன். அந்தச் சேலைக் கம்பெனி வாசலில் மட்டும் வழக்கம்போல் லாரியில் பண்டல் ஏறிக்கொண்டிருந்தது.

இனிமேலாவது அந்தம்மாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நடந்தது வேறு.

"எல்லாருக்கும் போச்சு. அங்கன மட்டும் எப்படிவே ஒண்ணும் ஆகல?" என்று யாரோ ஒருவர் கேட்டார். அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றியது. வியாபாரிகள் எல்லோரும் சங்கக் கட்டடத்தில் கூடினோம். கம்பெனி முதலாளி அந்தம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்ட்வேர் தம்பி அழுது வீங்கிய முகத்தோடு எழுந்தான். பயந்து போயிருந்தான், யார் மேலாவது போட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"நான் யார்ட்டயும் எதையும் கேட்டதில்ல. அந்தக்காதான் எல்லார்ட்டயும் நோண்டி நோண்டிக் கேப்பாங்க" என்றான்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எங்கிட்ட பூனையப் பத்திக் கேட்டா. எங்கிட்ட மாமியார் ஆஸ்பத்திரில கிடந்ததக் கேட்டா. நம்ம வீட்டுச் சங்கதியெல்லாம் அவளுக்கு எதுக்கு? தனியா இருக்குற பொம்பள, எந்த ஊருன்னே தெரியாது. சாயக்காரரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா மடியில் கையைக் கோத்து வைத்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகங்களின் இடுப்பு வலியும் கடன் கவலையும் அவருக்குத் தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினேன்.

"ஏலே, கேக்கேன்! அந்தம்மா என்னைக்காவது உங்க பிள்ளைக பேரக் கேட்டுச்சா? பிறந்த தேதியக் கேட்டுச்சா? வண்டி நம்பரக் கேட்டுச்சா? பாஸ்வேர்டு வைக்கிற எதையும் அது கேட்டதே கிடையாது. பூனை நிறத்துல எவன்வே பாஸ்வேர்டு வச்சிருக்கான்? அம்பாள் பேர ஊர் பூரா ஒண்ணா வச்சுக் கும்பிட்டது நாம. இப்ப வந்து அந்தம்மாவக் குத்தம் சொல்லுதீங்களே, வெக்கமா இல்ல?"

நாலு பேர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. பார்வை மட்டும் மாறவில்லை. தென்காசியில் இருந்து போலீஸ் வந்து எங்கள் எல்லோரையும் விசாரித்தது. அந்தம்மாவை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துக் கேட்டார்கள். கடைசியில், வழி தம்பியின் கம்ப்யூட்டர்தான், ஒரே பாஸ்வேர்டு இருந்ததால் ஊர் முழுக்கப் போயிருக்கிறது, இந்தம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது அந்தம்மாவிடம் போய், தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்ல வேண்டுமே? கிடையாது. தம்பிக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். பாவம், நம்ம பையன். அவன் மறுபடி கடை கடையாக ஏறி இறங்கினான், இந்தத் தடவை கடைக்கொரு பாஸ்வேர்டு. என் டிசைன் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு அந்தம்மா போன் போட்டால் பலர் எடுப்பதில்லை. எடுத்தாலும், "தெரியாது, மறந்துட்டு" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "நாம ஏதாவது சொல்லப் போக, நாளைக்கு அதுவே வம்பாகவா?" என்றார் சாயக்காரர். பதில் வராததால் மெயில் திறக்காது, மெயில் திறக்காததால் சரக்கு நிற்கும். புகார் முதலாளியிடம் போனது. அவர் மகன் சென்னையில் இருந்து வந்து வேறு ஏற்பாடு செய்தான். பில் அனுப்ப எங்களுக்கெல்லாம் இன்டர்நெட்டில் தனித்தனிப் பக்கம், உள்ளே போக நம் செல்லுக்கு ஒரு நம்பர் வரும், அதை அடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் யாரும் போன் போட வேண்டாம்.

சும்மா சொல்லக் கூடாது, நான் ஏங்கித்தான் போனேன். செல்லுக்கு வரும் நம்பர், இடுப்பு வலி எப்படி இருக்கு என்று கேட்குமா? புதுப் பெட்டியின் மாதிரியைக் காட்டுகிற சாக்கில் ஒருநாள் கம்பெனிக்குப் போனேன். அந்தம்மா அதே வாசல் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இப்ப கேள்வியெல்லாம் கிடையாதா?"

"இப்ப மெஷினே கேட்டுக்கிடுது அண்ணாச்சி."

என் கையில் இருந்த பெட்டியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, "இடுப்பு எப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். தேவைக்கு மேலேயே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை நான் போனபோது அந்த மேஜையில் லேபிள் கட்டுகள் கிடந்தன. வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். எங்கே போனார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

சில மாதம் போயிருக்கும். மத்தியான நேரம், பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர்.

"நீங்கதானா அண்ணாச்சி?"

"நான்தாம்மா, நான்தான். எங்கம்மா இருக்க?" அதுவரை நான் அவரை எப்படிக் கூப்பிட்டேன் என்பதெல்லாம் மறந்து, வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் வந்துவிட்டது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறார். அதே வேலைதான். அவர்களுக்கு நம் ஊர்க் கதை எப்படியோ எட்டியிருக்கிறது. உங்களோடு அங்கே வியாபாரம் செய்தவர் யாராவது உங்களைப் பற்றிச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

"இதும் போச்சுன்னா இனிமே என்னய யாரும் கம்ப்யூட்டரத் தொட விட மாட்டாங்க அண்ணாச்சி. உங்க பேரக் குடுக்கட்டுமா? வேற யார்ட்டயும் கேக்கத் தோணல."

"குடும்மா. இத ஒரு கேள்வின்னு கேக்குதியே!"

"இருங்க, இருங்க. இது இங்கன ஒரு கடைக்காரரு போனு, என் பழைய நம்பரு இப்ப இல்ல. இப்பல்லாம் குரலக்கூட அப்படியே செஞ்சிடுதானுவ. நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருன்னு தெரியாம எனக்காகப் பேசப் போறீங்களா? என்னய ஒரு கேள்வி கேளுங்க."

"சரி. மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"அது எனக்கு மட்டும்தான தெரியும்? நான் சொல்றது சரியா தப்பான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க? என்னயப் பத்தி நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது ஒண்ணு கேளுங்க."

"பென்டிரைவ எங்க வைக்கச் சொன்ன?"

"அது கம்பெனிக்கே தெரியும். அதும் போக அது உங்க கதை. என்னயப் பத்திக் கேளுங்க அண்ணாச்சி."

யோசித்தேன். அத்தனை வருஷப் பேச்சையும் புரட்டிப் பார்த்தேன். என் பூனை, என் குடை, என் பெண்டாட்டி கண், என் இடுப்பு. ஒரு மனுஷியோடு இவ்வளவு காலம் பேசியிருக்கிறேன், அவரைப் பற்றிக் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இல்லை. அந்தப் பக்கம் அந்தம்மா காத்திருந்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுமே தெரியலயே எனக்கு" என்றேன்.

"பரவால்ல அண்ணாச்சி." குரல் இறங்கிவிட்டது. "அப்ப எம்பேரச் சொல்லாதீங்க. தெரியாத ஆளுக்குச் சொல்லக் கூடாது."

"வச்சிராத! போன வச்சிராத. இந்த ஒரு தடவ உன் குரல நம்புதேன், வாரது வரட்டும். அவங்ககிட்ட நான் பேசுதேன். ஆனா இப்ப நீ எனக்கு ஒண்ணு சொல்லணும். உன்னயப் பத்தி, யார்ட்டயும் சொல்லாத ஒண்ணு. அடுத்த தடவ நீ கூப்பிட்டா அதத்தான் கேப்பேன்."

 லைன் போய்விட்டதோ என்று செல்லைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அந்தம்மா சொல்லத் தொடங்கினார். ஒன்றுதான் கேட்டேன், அது சின்ன விஷயம்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை சிரித்தார், ஒரு தடவை குரல் உடைந்தது. நான் குறுக்கே பேசவில்லை. வாழ்நாளில் நான் குறுக்கே பேசாமல் கேட்டது அது ஒன்றுதான்.

திருப்பூர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் கொள்ளை போகாத ஒரே கம்பெனி எது, அதற்கு யார் காரணம் என்று அடித்துச் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது என்று அந்தப் பக்கம் போய்வந்த லாரிக்காரர் சொன்னார்.

அந்தம்மா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீங்களும் தெரிந்துகொண்டால் அப்புறம் அதை நான் எப்படிக் கேட்பது? பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மறந்துவிடக் கூடாது என்று தினமும் ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தெரியாத நம்பர் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். லோன் வேண்டுமா என்று யாராவது கேட்கிறார்கள். அந்தம்மா இன்னும் கூப்பிடவில்லை.